ஏரிக்குள் கிடந்த பாட்டுகள்

முதலில் வந்தது வாசனைதான். பழைய அட்டை, தூசி, சூடேறிய ஒயர், எங்கேயோ ஒரு மூலையில் ஈரம். கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பிள்ளையார்பாளையத்தில் கன்னியப்பன் பெரியப்பாவின் மைக்செட் அறைக்குள் இருக்கிறேன் என்று சத்தியமே செய்திருப்பேன். ஆனால் நான் நின்றது நெதர்லாந்தில், யூட்ரெக்ட் என்ற ஊரில், வாய்க்கால் ஓரமாகப் படி இறங்கிப் போகும் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில்.

பாட்டு மேலிருந்த ஆசையால் நான் அங்கே நுழையவில்லை. முழங்கால் வலி. என் மகளுக்கு அந்த ஊரில் வேலை. ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் பேர்வழி என்று காலையிலிருந்து நடக்கவிட்டாள். அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து அவளுக்கும் நடை ஓட்டமாகிவிட்டது. சைக்கிளுக்கு ஏதோ வாங்க வேண்டும் என்று அவள் பக்கத்துக் கடைக்குப் போக, நான் உட்கார இடம் தேடினேன். இந்தக் கடைக்குள் ஒரு ஸ்டூல் தெரிந்தது. அதற்காகத்தான் படி இறங்கினேன். வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்புகள் எல்லாமே இப்படி உட்கார இடம் தேடிப்போய்ச் செய்தவைதான்.

கடைக்காரர் பனைமரம் மாதிரி உயரம். எந்த நாடு என்று கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்து ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்து என் மடிக்கு நேராக வைத்துவிட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஒன்றும் வாங்காமல் அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேனே என்று, மரியாதைக்காகக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இந்திப் படங்கள், சிதார்காரர்கள், இடையிடையே நம் எழுத்து. அப்படித் தள்ளிக்கொண்டு வந்த கை ஓர் உறையின் மேல் நின்றுவிட்டது.

அந்த உறையின் மூன்று ஓரமும் பட்டு நூலால் தைத்திருந்தது. அரக்கும் மாம்பழ மஞ்சளும் சேர்த்து முறுக்கிய நூல். நாம் தைத்தால் தையல் ஒரு பக்கம் சாயும். இது எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. முடியும் இடத்தில் முடிச்சு இல்லை. நூலின் இரண்டு நுனியையும் சேர்த்து விரலால் முறுக்கி விட்டிருந்தது.

உலகத்தில் அப்படித் தைத்தவர் ஒரே ஒருவர்தான். கன்னியப்பன் பெரியப்பாவின் சம்சாரம், சரோஜா பெரியம்மா.

எங்கள் தெருவில் நீளவாக்கு இழைகளான பாவு ஒன்று நெய்து முடிந்து தறியில் அடுத்த பாவு ஏறும்போது பெரியம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். பழைய பாவின் இழை நுனியோடு புதுப் பாவின் இழை நுனியைச் சேர்த்து, சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் தறியின் சீப்பு மாதிரியான அச்சுக்குள் நுழையாது; மாட்டி அறுந்துவிடும். பெரியம்மா இடதுகைக்காரி. அவர் முறுக்கிய இழை மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கும். “சரோஜா பிணைச்ச பாவு சண்ட போடாது” என்று தறிக்காரர்கள் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தால் அதே விரல்களால் புருஷனின் இசைத்தட்டு உறைகளைத் தைப்பார். கிழிந்த உறையைப் பசை போட்டு ஒட்டினால் கரப்பான் தின்றுவிடும் என்று அவருக்குப் பயம். கழிவுப் பட்டு நூல் எங்கள் தெருவில் கேட்பாரில்லாமல் கிடக்கும். அதனால் எங்கள் ஊர் மைக்செட்டில் படப்பாட்டுகள் எல்லாம் பட்டுக் கரை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போயின.

கன்னியப்பன் பெரியப்பா எனக்குச் சொந்தமில்லை. அவர் மகள் மல்லிகா என் கூடப் படித்தவள், எதிர் வீடு, அந்த உறவில் பெரியப்பா. தறிக்குழியில் இறங்கினால் மூச்சு முட்டுகிறது என்று தறியை விட்டுவிட்டு மைக்செட் வாங்கியவர். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாளில் வேப்ப மரத்தில் ஸ்பீக்கர் குழாயைக் கட்டி, சூடம் காட்டி, முதல் தட்டாக ஓர் அம்மன் பாட்டை வைப்பார். அந்தப் பாட்டில் ஓர் இடத்தில் ஊசி தாவும். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். தறிக்குழியில் இருக்கும் ஆட்களெல்லாம் அந்தச் சொல்லைச் சேர்ந்து கத்துவார்கள். பெரியப்பா ஓடி வந்து ஊசித் தலையில் ஒரு காசை வைப்பார். அம்மனுக்குக் காணிக்கை போட்டால்தான் மேலே பாடுவாள் என்று எங்கள் தெருவில் கேலி.

தாமல் ஏரிக்கரையில் ஒரு கல்யாணம். மல்லிகாவும் நானும் மாட்டு வண்டியில் தட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனோம். மல்லிகாவின் அண்ணன் தணிகாசலம்தான் மரம் ஏறிக் குழாய் கட்டுவார். அன்றைக்குக் குழாயை ஏரிப்பக்கம் திருப்பிக் கட்டிவிட்டார். பாட்டு தண்ணீர் மேலே போய் அக்கரையில் இருந்த ஊருக்குக் கேட்டது. பந்தலில் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முறைத்துக்கொண்டார்கள். அந்தக் கலவரத்தில் அண்ணன் வண்டி மேல் வைத்துவிட்டு வந்த ஒரு தட்டு வெயிலில் கிடந்து அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. பெரியப்பா எல்லார் முன்னாலும் கன்னத்தில் ஒன்று வைத்தார். தணிகாசலம் அண்ணன் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தத் தட்டை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, அம்மிக்கல்லை மேலே ஏற்றி, நாள்கணக்கில் அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினார். அது நேரானது. ஆனால் குரல் கொஞ்சம் ஆடியது. அதற்கப்புறம் எங்கே எந்தத் தட்டைப் பார்த்தாலும் அதற்கும் சூரியனுக்கும் நடுவில் அவர் நிற்பார்.

பிறகு கேசட் வந்தது. உங்களுக்கே தெரியும், அது வந்த பிறகு தட்டு போன கதை. பெரியப்பாவின் தட்டுகள் தகரப் பெட்டிகளில் பரணுக்கு ஏறின. கொஞ்ச காலத்தில் பெரியப்பாவும் போய்விட்டார். தணிகாசலம் அண்ணன் அப்பா விட்ட தறியில் போய் உட்கார்ந்தார். மல்லிகாவைத் தென்னேரியில் கட்டிக் கொடுத்தார்கள். நான் டெலிபோன் ஆபீஸில் சேர்ந்தேன்.

அந்த வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிரங்க் கால் காலம். பட்டுக் கடைக்காரர்கள் பம்பாய்க்கும் பெங்களூருக்கும் லைன் கேட்டுக் காத்திருப்பார்கள். சேர்ந்த அன்றே எங்கள் சூப்பர்வைசர் அம்மா சொல்லிக்கொடுத்த பாடம் இது: இணைத்துக் கொடு, பேச்சு கேட்கிறதா என்று பார், லைனை விட்டு வெளியே வா. நடுவில் நிற்காதே. எத்தனையோ சாவுச் சேதி, எத்தனையோ சண்டை என் கை வழியாகப் போனது. ஒன்றிலும் நான் வாய் வைத்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. இருந்தது என்று எழுதுவதுதான் இப்போது சரி.

மல்லிகாவுக்குக் கல்யாணமாகிச் சில வருஷத்தில் ஒரு பெருமழை. ஓட்டு வீடெல்லாம் ஒழுகிய மழை. பரண் மேலே ஒழுகித் தகரப் பெட்டிக்குள் தண்ணீர் நின்று, உறையெல்லாம் கூழாகி, தட்டெல்லாம் வீணாகிவிட்டது என்று தணிகாசலம் அண்ணன் சொன்னார். பார்க்கப் பொறுக்காமல், வெள்ளம் போய்க்கொண்டிருந்த வாய்க்காலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டாராம். பெரியம்மா அப்போதுதான் சென்னையில் கண் ஆபரேஷன் முடிந்து வந்திருந்தார். பச்சைத் துணி கட்டிய கண்ணோடு அழக்கூடாது என்று எல்லாரும் அதட்டியதால் அழாமல் உட்கார்ந்திருந்தார். “மழ கொண்டுக்கினு போச்சு. மனுசங்களா கொண்டுக்கினு போனாங்க, சண்ட போட?” என்றார். அவ்வளவுதான்.

மல்லிகா அதற்குத் தனியாக ஒரு கதை கட்டிக்கொண்டாள். வாய்க்கால் தண்ணீரெல்லாம் கடைசியில் தென்னேரிக்குத்தான் வருகிறதாம். அவள் பூகோளம் பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான், மார்க் வாங்கியதில்லை. எங்கள் தெரு வாய்க்காலுக்கும் அவள் ஊர் ஏரிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஏரி நிரம்பும் ஒவ்வொரு வருஷமும் நான் அவளைப் பார்க்கப் போவேன். பஸ்ஸுக்கு வழியனுப்ப வரும்போது ஏரி வழியும் கலங்கல் பக்கத்தில் நின்று கையை நீட்டிக் காட்டுவாள். “எங்கப்பா பாட்டு எல்லாம் இதுக்குள்ளதான்டி கெடக்குது.” பெரியம்மா போன பிறகும் சொன்னாள். பேரன் பிறந்த பிறகு அவனிடமும் சொன்னாள். அந்தப் பிள்ளை தண்ணீரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஆமாம் என்று தலையாட்டியது.

இவ்வளவும் தெரிந்த நான், அந்த யூட்ரெக்ட் கடையில், தைத்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஊருக்கு வந்து, முதலில் தணிகாசலம் அண்ணனைப் பார்த்திருக்க வேண்டும். நான் செய்தது, போனை எடுத்து மல்லிகாவுக்கு வீடியோ கால் போட்டது. இனிப்புக் கடைக்குள் போன குழந்தை மாதிரி ஆகிவிட்டேன்.

“இது யாரு தையல், சொல்லு பாப்போம்?” என்றேன்.

மல்லிகா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “எங்கம்மா கைடி அது” என்றாள். நான் கடைக்காரரிடம் ஜாடை காட்ட, அவர் தட்டைச் சுழல விட்டார். அம்மன் பாட்டு. அந்த இடம் வந்ததும் ஊசி தாவியது, அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. தென்னேரியில் மல்லிகா அந்தச் சொல்லைக் கூடவே கத்தினாள். நானும் கத்தினேன். கடைக்காரர் பதறிப்போய் ஊசியைத் தூக்கினார். நாங்கள் இரண்டு கிழவிகளும் சிரித்து அழுதோம். அங்கேயே நான் போனை வைத்திருக்கலாம்.

இது எப்படி அங்கே வந்தது என்று அவள் கேட்டாள். டெலிபோன் ஆபீஸ் புத்தி, உடனே இரண்டு பக்கத்தையும் இணைத்தேன்; ஆனால் நடுவிலேயே நின்றுவிட்டேன். பல வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து பெட்டி பெட்டியாக வாங்கியதாம், இதேபோல் தைத்த உறைகள் இன்னும் நிறைய இருந்தனவாம், விற்றுப்போய்விட்டனவாம் என்று கடைக்காரர் சொன்னதையெல்லாம் மொழிபெயர்த்துச் சொன்னேன். உங்கள் நாட்டில் எல்லா உறையையும் இப்படித்தான் தைப்பீர்களா என்று அவர் கேட்டதையும் சொல்லிச் சிரித்தேன். மல்லிகா சிரிக்கவில்லை.

“தண்ணியில நனஞ்சா மாரி இருக்குதா?” என்று கேட்டாள்.

நான் உறையை இப்படியும் அப்படியும் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். “ஒரு கற கூட இல்லடி. புத்தம் புதுசா இருக்குது” என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? கடையை நானே நடத்துவதுபோல.

திரையில் அவள் முகம் அப்படியே நின்றது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்துப் போனைத் தட்டினேன். பிறகுதான் அவள் கண் சிமிட்டுவது தெரிந்தது. “செரி. வெச்சிடறேன்” என்றாள்.

மகள் திரும்பி வந்து என்னம்மா முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். கால் வலி என்றேன்.

தீபாவளி கழிந்து, ஐப்பசிக் கடைசியில் ஊர் திரும்பினேன். அதற்குள் நடந்ததையெல்லாம் தெருவில் சொன்னார்கள். மல்லிகா அண்ணனுக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள், அப்பாவின் தட்டை விற்றாயா என்று. அவர் ஆமாம் என்றிருக்கிறார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவள் ஒன்றும் கேட்கவில்லை. தீபாவளி வந்தது. கல்யாணமான நாளிலிருந்து தவறாத தாய்வீட்டுச் சீர்: புடவை, பலகாரம், எண்ணெய், சீயக்காய், பூ. மொபெட்டில் கட்டி எடுத்துக்கொண்டு தென்னேரிக்குப் போனவரை வாசலிலேயே நிறுத்தி, சீர்த்தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். புடவை அவரே தன் தறியில் நெய்தது. சீர் திரும்பி வருவது என்றால் எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்குச் சமம். அந்தப் பலகாரத்தை யாரும் தொடமாட்டார்கள். அவர் வீட்டுக் கூடத்தில் அது ஊசிப்போகும்வரை இருந்ததாகச் சொன்னார்கள்.

குற்றம் செய்தவர்களுக்காவது ஏன் செய்தோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கும். நான் சந்தோஷத்தில் அல்லவா செய்தேன்.

யூட்ரெக்டில் வாங்கி வந்த இசைத்தட்டை எடுத்துக்கொண்டு தணிகாசலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தறியில் இருந்தார். கால் மிதியை நிறுத்தி, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினார். தையல் மேலே விரலை ஓட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். திட்டினால் எனக்கு நல்லது என்றும் நினைத்திருந்தேன்.

“வெயில் படாம வெச்சிருந்தாங்களாம்மா?” என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். கண்ணாடித்தாள் உறை போட்டு, நிற்கவைத்து, நிழலில் வைத்திருந்ததைச் சொன்னேன். “நல்லதும்மா” என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். பெரியம்மாவுக்கு அந்த வருஷம் இழை இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்ததாம். சென்னையில் காட்டினால், உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வையே போய்விடும் என்றார்களாம். பணம் கேட்கக்கூடிய இடத்தில் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாகத் தங்கையிடம் கேட்க அண்ணன் தென்னேரிக்குப் போயிருக்கிறார். அங்கே மல்லிகாவின் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து கட்டிலில் கிடக்கிறார், குழந்தைக்குக் காய்ச்சல். ஏரி நிரம்பியிருக்கிறதா பார்க்க வந்தேன் என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். அந்த வாரம்தான் பழைய தட்டு இருக்கிறதா என்று வேனில் ஓர் ஆள் தெருவில் விசாரித்துக்கொண்டு வந்தான். உங்கப்பா பொருளை விற்றுத்தான் எனக்குக் கண் வர வேண்டுமா என்று பெரியம்மா கேட்பார் என்பது எனக்கே தெரியும், அண்ணனுக்குத் தெரியாதா? நெசவு முதலாளி கொடுத்தார் என்று அம்மாவிடம் சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, இந்தப் பக்கம் பெட்டிகளை இறக்கிக் கொடுத்திருக்கிறார்.

“கண்ணு தெரிஞ்சதும் மொத வேலயா பரணதான் பாப்பாங்கன்னு தெரியும். என்னா சொல்றதுன்னே தெரியல. வெளிய மழ பேஞ்சிக்கினு இருந்துச்சு. அதையே சொல்லிட்டேன்.”

இதை இப்போதே மல்லிகாவிடம் போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

“வேணாம்மா. சொன்னா, அன்னிக்கு நான் எதுக்கு வந்தேன்னு தெரிஞ்சிடும். டீய குடுத்து அனுப்பிட்டமேன்னு அவ அழுதுக்கினே இருப்பா. என் மேல கோவம்தானே, இருந்துட்டு போவட்டும். நீ வாய தொறக்கமாட்டேன்னு சொல்லு.”

சொன்னேன். ஏற்கெனவே ஒருமுறை வாயைத் திறந்து அவர் குடும்பத்தைக் கெடுத்தவள், வேறு என்ன சொல்ல முடியும்? தட்டையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. அது மல்லிகாவிடம்தான் இருக்க வேண்டுமாம். உறையைத் திருப்பித் தரும்முன் அதன் ஓரத்தை ஒருமுறை மூக்கருகில் கொண்டுபோனார்.

இங்கே பெயர்களை எல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் இடதுகைத் தையலையும் ஏரியையும் மாற்ற மனம் வரவில்லை. படிக்கிறவர்கள் படித்தால் புரிந்துகொள்வார்கள். தென்னேரியில் மல்லிகாவின் மருமகள் பத்திரிகை ஒன்றையும் விடாமல் படிப்பவள். வாய் திறக்கமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். அதையும் நான் நம்பவில்லை. மறுபடியும் லைனுக்கு நடுவில்தான் நிற்கிறேனோ என்னவோ.

கார்த்திகையில் ஒரு மழை விட்ட நாளில் தென்னேரிக்குப் போனேன். மல்லிகா தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் சாய்ந்த தையலை நகத்தால் தடவிக்கொண்டே இருந்தாள். வீட்டில் அதைப் போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை, ஊரிலேயே இல்லை. பீரோவைத் திறந்து புடவைகளுக்கு நடுவில் வைத்தாள்.

“அண்ணன பாத்தியா?” என்று பீரோவைப் பார்த்தபடியே கேட்டாள்.

பார்த்தேன் என்றேன்.

“என்னா சொன்னாரு?”

“வெயில்ல வெக்க வேணாம்னு சொன்னாரு” என்றேன். அவள் பீரோவைச் சாத்தினாள். சாத்திய பிறகும் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல் பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்தாள். ஏரி நிரம்பிக் கலங்கல் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் கரையில் நின்று மீன் பிடித்தார்கள். அவள் எப்போதும் நிற்கும் இடம் வந்ததும் நான் நடையைக் குறைத்தேன். இந்த வருஷமும் கையை நீட்டுவாள் என்று ஒரு நப்பாசை. நீட்டினால் நானும் ஆமாம் என்று சொல்லத் தயாராக நின்றேன்.

“பஸ் போயிடும், வா” என்று சொல்லிவிட்டு மல்லிகா முன்னால் நடந்தாள்.

நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கரைக்குக் கரை தண்ணீர் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.